மணலில் எழுதிய விரல்

மட்டக்களப்பு வாவியின் நடுவே கிடக்கும் புளியந்தீவுக்கு, 1814ஆம் ஆண்டு வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்த பாதிரியார் வந்து சேர்ந்தார். மறு ஆண்டே இறந்துபோனார். அவர் தொடங்கிய பள்ளியின் வழிவந்ததே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. நமது பிரதேசத்தின் கல்வி வரலாற்றை இந்த இடத்திலிருந்து தொடங்குவது எழுதுவோர் வழக்கம்.

அதற்கு முன்னர் இங்கே கற்பிக்கும் கருவி எதுவும் இருக்கவில்லையா? இருந்தது. ஓலையும் எழுத்தாணியும் இருந்தன. எல்லாவற்றுக்கும் முன்னே மணல் இருந்தது. தமிழ் நாட்டாரின் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளை தன் விரலாலேயே மணலில் எழுதியது. பிழைத்தால் அழித்து மீண்டும் எழுதியது. செலவோ சல்லிக்காசில்லை.

சென்னை அநாதைப் பிள்ளைகள் விடுதியொன்றின் பொறுப்பை 1789இல் ஏற்ற அன்ட்ரூ பெல், பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு வியந்து அதைத் தமது பள்ளியிற் புகுத்தினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் அதனோடு சேர்த்து, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளிற் பரவியது. நம் திண்ணை மணல் கடல் கடந்தது என்று பெருமைப்படலாம். ஆனால் ஆட்சியாளரை அங்கே கவர்ந்தது மணலன்று. ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை அடக்கிவிடலாம் என்ற கணக்கே. கல்வியில் புதிய கருவி புகும்போதெல்லாம் இந்தக் கணக்கும் உடன் புகுவதை நாம் காண்கிறோம்.

பின்னர் கற்பலகை வந்தது, கரும்பலகை வந்தது, அச்சுப் புத்தகம் வந்தது. விஞ்ஞானமும் வந்தது, ஆங்கிலம் என்ற பூட்டோடு. அந்தப் பூட்டைத் திறக்க உழைத்தவர்களுள் நம்மவரான விபுலாநந்த அடிகளை மறத்தல் தகாது. காரைதீவிற் பிறந்து, புளியந்தீவின் புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்று, அங்கேயே படிப்பித்தவர் அவர். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க முயற்சியில் முன்னின்றார். சொல்லும் ஒரு கருவியே. தாய்மொழியிற் சொல் இல்லாத பிள்ளை ஆய்வுகூடத்தில் வேடிக்கை பார்க்கலாம், வினாவ முடியாது.

1945இல் இலவசக் கல்வி வந்தது. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் உழவர், மீனவர் பிள்ளைகள் வகுப்பை நிறைத்தனர். அந்த வகுப்பில் நாம் என்ன செய்தோம்? கரும்பலகையில் நாம் எழுதினோம். பிள்ளைகள் பார்த்து எழுதினர். 'குறிப்புக் கொடுத்தல்' என்று அதற்கு ஒரு கௌரவமான பெயரும் வைத்துக்கொண்டோம்.

2020 மார்ச்சில் கொள்ளைநோயால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அதே குறிப்பைப் படமெடுத்துக் கைத்தொலைபேசியில் அனுப்பினோம். கருவி மாறியது, வழக்கம் மாறவில்லை. தொலைபேசியும் இணையக் கட்டணமும் ஆசிரியரின் பையிலிருந்தும் கூலித் தொழிலாளியின் மடியிலிருந்தும் போயின. ஊவாவின் மலைக்கிராமமொன்றில் அலைவரிசை தேடி ஆசிரியையும் பிள்ளைகளும் பாறை ஏறினர். 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டை எதிர்த்து ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தின. மாதக்கணக்கில் நீண்ட அப்போராட்டம் நியாயமானது என்பதே நம் கருத்து. ஆயினும், திரை அணைந்ததை அறியவே வழியில்லாத பிள்ளைகளும் நம் வகுப்புகளில் இருந்தனர் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்? 2022இல் மின்சாரமும் போயிற்று, காகிதமும் தட்டுப்பட்டது. மேல் மாகாணத்தில் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன.

அண்மையில் நமது வகுப்பில் கண்டல் தாவரங்களைத் திரையிற் காட்டினோம். அழகான படங்கள், ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. மறுநாள் வாவிக்கரைக்கு நடத்திச் சென்றோம். சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டி நின்ற வேர்களைத் தொட்டுப் பார்த்த மீனவப் பிள்ளையொருத்தி, இறாற்குஞ்சு இவற்றுக்குள்ளேதான் ஒளியும் என்றாள். எந்த மாதத்தில், எந்த நீரில் என்றும் சொன்னாள். அவற்றுட் பாதி நமக்குத் தெரியாதவை. இதை ஏன் நேற்று வகுப்பிற் சொல்லவில்லை என்று கேட்டோம்.

"நேத்து நீங்க கேக்கல்லையே, சேர்" என்றாள்.