யார் பெரியவர்?

செஞ்சிக்கு வருகின்ற விருந்தினரை இராசகிரிக்கு அழைத்துச் செல்வது நமக்கு வழக்கமாகிவிட்டது. முழங்கால் ஒத்துழைத்த காலத்தில் நாமும் உடன் ஏறினோம். இப்போதெல்லாம் அடிவாரத்தில், கல்யாண மகாலுக்கு அருகே மரநிழலில் அமர்ந்து, இறங்கி வருபவர்களுக்காகக் காத்திருப்பதோடு சரி. அவ்வாறு காத்திருந்த ஒரு நாளில், மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் மூச்சு வாங்க இறங்கி வந்தனர். உச்சியை முதலில் தொட்டது யார் என்பதில் அவர்களுக்குள் வழக்கு. ஒருவன் பாதி வழியில் பாறைமேல் குறுக்கே ஏறினானாம். இன்னொருவன் தன் பையைத் தோழனிடம் சுமக்கக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு ஏறினானாம். தீர்ப்புச் சொல்ல நம்மை அழைத்தனர். நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. இந்தக் கோட்டையைப் பிடித்தவர்களுள் யார் பெரியவர் என்று அவர்களையே திருப்பிக் கேட்டோம்.

1677-ஆம் ஆண்டில் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றினார். நெடிய முற்றுகை ஏதும் தேவைப்படவில்லை. பீஜப்பூர் அரசின் கோட்டைத் தலைவனுக்குப் பணமும் வருவாய் நிலமும் தருவதாகப் பேசி முடித்தே கோட்டை கைமாறியது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். பின்னர் அவருடைய மகன் இராஜாராம் இங்கு அடைக்கலம் புகுந்தபோது, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690-இல் வந்து சூழ்ந்தான். 1698-இல்தான் உள்ளே நுழைந்தான். அதற்குள் இராஜாராம் தப்பிப் போய்விட்டார். தளபதி எதிரியோடு இரகசிய உடன்பாடு வைத்துக்கொண்டு முற்றுகையை இழுத்தடிக்கிறான் என்ற ஐயம் அவன் காலத்திலேயே எழுந்தது. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியோ வாயிற்கதவை வெடிவைத்துத் தகர்த்து, ஒரே இரவில் கோட்டையைப் பிடித்துவிட்டான்.

கடிகாரத்தை மட்டும் நம்பினால் புஸ்ஸியே வெற்றியாளன். ஆனால் அவன் கையிலிருந்த கருவி வேறு. அவனை எதிர்த்து நின்றவர்களோ ஏற்கெனவே தோற்று ஓடிவந்த படையினர். மலை ஒன்றுதான். ஏறியவர்களின் கருவியும், கதவுக்குப் பின்னால் நடந்த பேரமும் காலத்துக்குக் காலம் வேறாக இருந்தன. இத்தனைக்கும் நடுவே, 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்து இளம் வயதில் போர்க்களத்தில் மாண்ட தேசிங்கு ராஜனைத்தான் இந்த ஊர் இன்றும் பாடுகிறது. வென்றவர்களைப் பாடக் காணோம்!

கேட்டுக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, “அப்படியானால் சாமி, பி.டி. உஷா பெரியவங்களா, வித்யா ராம்ராஜ் பெரியவங்களா?” என்றாள். அவள் பள்ளி அணியில் ஓடுகிறவள். அவள் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

கேள்வி எளிதன்று. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை உஷா 55.42 விநாடிகளில் ஓடி நான்காம் இடம் பெற்றார். விநாடியின் நூறில் ஒரு பங்கில் வெண்கலம் கைநழுவியது. அந்த இந்தியச் சாதனை 39 ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2023 அக்டோபர் 2 அன்று, ஹாங்சோ ஆசிய விளையாட்டின் முதற்சுற்றில், கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ் ஓடி முடித்தபோது பலகையில் தெரிந்த எண்ணும் 55.42 தான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மறுநாள் இறுதிச் சுற்றில் அவருக்கு வெண்கலம் கிடைத்தது.

ஒரே எண் என்பதால் இருவரும் சமம் என்று சொல்லிவிடலாமா? பய்யோளிக் கடற்கரை மணலில் ஓடிப் பழகியவர் உஷா. அவர் காலத்துக் காலணி, உணவு, மருத்துவ உதவி எல்லாம் வேறு. வித்யாவுக்கு அவை மேம்பட்டிருந்தன. எதிர்த்து ஓடியவர்களுக்கும் அப்படியே மேம்பட்டிருந்தன. மேலும் 1984-இல் சோவியத் ஒன்றியமும் கிழக்கு ஜெர்மனியும் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. அவர்கள் வந்திருந்தால் உஷாவின் இடம் என்னவாகியிருக்கும் என்று சிலர் கேட்பதுண்டு. கேட்கட்டும். ஆனால் கிழக்கு ஜெர்மனியில் அரசே திட்டமிட்டுத் தன் வீராங்கனைகளுக்கு மருந்து ஏற்றி வந்தது என்பது, பெர்லின் சுவர் இடிந்த பிறகு வெளிவந்த ஆவணங்களால் தெரியவந்ததையும் அவர்கள் சேர்த்தே நினைக்க வேண்டும்.

கருவியும் மருந்தும் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடப்பது மிதிவண்டிப் பந்தயத்தில்தான். நம் பிள்ளைகளுக்கு மிதிவண்டி என்றால் அரசு தந்த கனத்த வண்டி. அதில் பின்னால் தங்கையை ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போவார்கள். ஐரோப்பாவிலோ அது ஒரு தனி உலகம். அங்கே ‘ஒருமணி நேரச் சாதனை’ என்று ஒன்று உண்டு. வட்டக் களத்தில் தனி ஒருவர் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தொலைவு மிதிக்கிறார் என்பதே கணக்கு. காலங்களை ஒப்பிட இதைவிட நேர்மையான அளவுகோல் இராது என்றே யாரும் நினைப்பர்.

1972-இல் மெக்சிகோ நகரில் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். 1984-இல் அதே நகரில் இத்தாலியர் பிரான்செஸ்கோ மோசர், தட்டு வடிவச் சக்கரம் பூட்டிய புதுவகை வண்டியில் 51.151 கிலோமீட்டரை எட்டினார். தொடர்ந்து வண்டிகளின் உருவம் விந்தையாக மாறவே, பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் 2000-ஆம் ஆண்டில் மெர்க்ஸ் ஓட்டியதைப் போன்ற வண்டியே செல்லும் என்று விதித்து, இடையில் வந்த சாதனைகளை வேறு பட்டியலுக்குத் தள்ளியது. அவ்வாண்டில் ஆங்கிலேயர் கிறிஸ் போர்டுமன் பழைய பாணி வண்டியில் ஏறி 49.441 கிலோமீட்டர் ஓட்டினார். 28 ஆண்டு மனித முன்னேற்றம் பத்தே மீட்டர்! 2014-இல் ஒன்றியம் மறுபடியும் விதியை மாற்றியது. 2022-இல் இத்தாலியர் பிலிப்போ கன்னா 56.792 கிலோமீட்டர் ஓட்டினார்.

கருவியின் கதை இவ்வளவே. மருந்தின் கதை இன்னும் கசப்பானது. மோசர் தம் 1984 சாதனைக்குமுன் இரத்தம் ஏற்றிக்கொண்டதைப் பல ஆண்டுகள் கழித்துத் தாமே ஒப்புக்கொண்டார். அக்காலத்தில் அதற்குத் தடை இல்லை. அளவுகோலாக வைக்கப்பட்ட மெர்க்ஸும் 1969 இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி வெளியேற்றப்பட்டவரே. 1967-இல் பிரெஞ்சு வீரர் ஜாக் ஆங்கெத்தில் ஒருமணி நேரச் சாதனையை முறியடித்தார். ஆனால் சோதனைக்கு உடன்பட மறுத்ததால் அது ஏற்கப்படவில்லை. அதே ஆண்டு ஜூலை 13 அன்று, பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தில், 29 வயது ஆங்கிலேயர் டாம் சிம்சன் மோன் வாந்து மலை ஏற்றத்தில் விழுந்து இறந்தார். அவர் உடலில் ஊக்கமருந்து இருந்தது.

இதைத் திருச்சபை காலம் கடந்து கவனித்தது என்று சொல்வதற்கில்லை. 1949-இல் இத்தாலியின் கிசாலோ குன்றில் உள்ள அன்னையை மிதிவண்டி வீரர்களின் பாதுகாவலியாக அறிவித்த திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், 1952 நவம்பரில் விளையாட்டு, உடற்கல்வி அறிஞர்களுக்கு ஆற்றிய உரையில், உடலுக்குக் கேடு செய்யும் ஊக்கமருந்துகளைக் கண்டித்தார். பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தில் சோதனை தொடங்கியது அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1966-இல். அப்போதும் வீரர்கள் வண்டியை விட்டு இறங்கி எதிர்ப்புக் காட்டினர்.

அக்கால வீரர்களுள் நம் மனத்துக்கு நெருக்கமானவர் ஜீனோ பர்த்தாலி. ஆழ்ந்த கத்தோலிக்க பக்தர். தம் போட்டியாளர் பவுஸ்தோ கொப்பி என்ன மருந்து உட்கொள்கிறார் என்று அறிய, அவர் தங்கிய விடுதி அறைகளில் காலிப் புட்டிகளைத் தேடித் திரிந்ததைப் பர்த்தாலியே பின்னர் சொல்லியிருக்கிறார். (பக்தருக்கும் இந்த ஆசை விடவில்லை!) பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தில் 1938-இலும் 1948-இலும் அவர் வென்றார், மெர்க்ஸ் ஐந்து முறை வென்றார். ஐந்தையும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பட்டியலில், நடுவில் விழுங்கப்பட்ட போர்க்காலத்துக்கு இடம் இல்லை. அந்த ஆண்டுகளில்தான் அவர் யூத மக்களைக் காக்க உதவினார். அதற்காக 2013-இல் இஸ்ரயேலின் யாத் வசேம் நினைவகம் அவரைப் பெருமைப்படுத்தியது.

சோதனைகள் கடுமையான பிறகாவது நீதி சீரானதா? 1999 முதல் 2005 வரை ஏழு முறை வென்ற அமெரிக்கர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் பட்டங்கள் அனைத்தும் 2012-இல் பறிக்கப்பட்டன. அந்த ஏழு ஆண்டுகளுக்கு வெற்றியாளர் யாருமில்லை, பட்டியலில் வெற்றிடம். ஆனால் 1996-இல் வென்ற டென்மார்க்கின் பியர்னே ரீஸ், தாம் மருந்து எடுத்ததை 2007-இல் வாய்விட்டு ஒப்புக்கொண்டும் அவர் பெயர் வெற்றியாளராகவே நிற்கிறது. ஆம்ஸ்ட்ராங் நடத்திய ஏமாற்று பல்லாண்டு நீடித்தது எப்படி? ஒன்றியத்தின் தலைமையே அவருக்குச் சலுகை காட்டியது என்று 2015-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறியது. சோதிக்க வேண்டிய ஒன்றியம் அவரிடமிருந்தே நன்கொடையும் பெற்றிருந்தது. நம் கோட்டைக் கதவுக்குப் பின்னால் நடந்த பேரத்துக்கும் இதற்கும் வேறுபாடு காண்பது நமக்குக் கடினமாக இருக்கிறது.

இத்தனையும் சொன்னபின் நம் நாட்டுக்கு வருவோம். திருச்சிக்கு அருகிலுள்ள முடிகண்டம் சிற்றூரின் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்த கோமதி மாரிமுத்து, 2019 ஏப்ரல் 22 அன்று தோகாவில் ஆசியத் தடகளப் போட்டியின் 800 மீட்டர் ஓட்டத்தை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். தமிழகம் கொண்டாடியது. சில வாரங்களில் அவர் உடலில் நாண்ட்ரோலோன் வகை ஊக்கமருந்தின் கூறு கண்டறியப்பட்டதாகச் செய்தி வந்தது. தெரிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்று அவர் மறுத்தார். 2020-இல் நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது, 2019 மார்ச் 18 தொடங்கி அவர் ஓடியவை செல்லாதவையாயின, தங்கம் போயிற்று.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றபோது, சாவான பாவத்துக்கு மூன்று வேண்டும் என்று கற்றோம்: கனமான காரியம், முழு அறிவு, முழு மனச்சம்மதம். நம் பிள்ளைகளுக்கும் அதையே கற்பிக்கிறோம். ஊக்கமருந்துச் சட்டம் வேறு வழியில் செல்கிறது. பொருள் உடலில் இருந்தால் போதும், குற்றம் முடிந்தது. அறியாமல் நேர்ந்தது என்று மெய்ப்பித்தால் தண்டனைக் காலம் குறையும். மெய்ப்பிக்கும் சுமையோ ஓடியவர் தலைமேல். இச்சட்டம் தேவையற்றது என்று நாம் சொல்லவில்லை. அது இல்லாவிடில் ஒவ்வொருவரும் ‘அறியேன்’ என்றே கைவிரிப்பர். அன்று தோகாவில் இரண்டாவதாக வந்த சீன வீராங்கனைக்கு நீதி எங்கே கிடைக்கும்? ஆயினும் இதே சட்டம் வழக்கறிஞர் படையுடைய ஆம்ஸ்ட்ராங்கைப் பிடிக்க ஏழு பட்டங்களுக்கும் மேலே காலம் எடுத்தது. முடிகண்டத்துப் பெண்ணைப் பிடிக்க ஒரு பருவமே போதுமானதாயிற்று. மருந்தைச் செய்தவன், விற்றவன், ‘சத்து மருந்து’ என்று கையில் திணிப்பவன் யாரும் செய்தித்தாளில் படமாக வருவதில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. 2021 மார்ச் மாதம் பாட்டியாலாவில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையில், திருச்சி மாவட்டத்து எஸ். தனலட்சுமி 200 மீட்டரை 23.26 விநாடியில் ஓடி, 1998-இல் உஷா நிறுவியிருந்த 23.30 என்னும் போட்டிச் சாதனையை முறியடித்தார். மறு ஆண்டு நடந்த சோதனையில் அவர் உடலில் ஊக்கமருந்து காணப்பட்டு, காமன்வெல்த் அணியிலிருந்து நீக்கப்பட்டு, மூன்றாண்டுத் தடை பெற்றார். 2021-இன் ஓட்டம் அத்தண்டனைக்கு உட்படவில்லை. ஆனால் மக்கள் மனம் அதையும் சேர்த்தே அழித்துவிட்டது. 2022-இன் குற்றத்துக்கு 2021-ஐத் தண்டிப்பது நீதியா? அன்று என்ன நடந்தது என்பதற்குச் சான்று இல்லாதபோது, அந்த 23.26-ஐ அவருடையது என்று விட்டுவைப்பதே முறை என்பது நம் கருத்து.

பழங்காலத்தவர் தூயவர், இக்காலத்தவர் களங்கமுற்றவர் என்று பேசுவதும் நமக்கு உடன்பாடன்று. இந்தியாவில் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை செயற்படத் தொடங்கியதே 2009-இல். உஷாவைப் பற்றி ஐயம் கிளப்புவது நம் நோக்கமன்று. அவருடைய தலைமுறை முழுவதையும் இன்றைய கண் பார்க்கவில்லை என்பதே செய்தி. பார்க்கப்படாதவரையும் நுண்ணாடி வைத்துப் பார்க்கப்பட்டவரையும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக எழுதுவது, சிவாஜியையும் புஸ்ஸியையும் ஒரே கடிகாரத்தால் அளப்பது போன்றது.

அந்த மாணவிக்கு இவ்வளவும் அன்று சொல்லவில்லை. உஷாவும் வித்யாவும் அவரவர் காலத்தில் பெரியவர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினோம்; அவளுக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சில வாரங்கள் கழித்து, பூசை முடிந்ததும் அவள் அலுவலகத்துக்கு வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா; உள்ளே வெள்ளை மாவு; வெளியே பெயரோ, என்ன கலந்தது என்ற குறிப்போ இல்லை. ஓட்டம் பழகும் இடத்தில் யாரோ கொடுத்தார்களாம். பாலில் கலந்து குடித்தால் கால் வலுக்கும் என்றார்களாம். “குடிக்கலாமா சாமி?” என்று கேட்டாள். குடிக்க வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டோம். கோமதியின் கதையை அப்போதுதான் அவளுக்குச் சொன்னோம். அமைதியாகக் கேட்டுவிட்டு, “எனக்கு முன்னாடி ஓடுறவங்க குடிச்சா?” என்றாள்.

மாவட்டப் போட்டியில் அவள் மூன்றாவதாக வந்தாள். டப்பா நம் அலுவலக அலமாரியில், ஞானஸ்நானப் பதிவேடுகளுக்குப் பக்கத்தில், இன்னும் திறக்கப்படாமல் இருக்கிறது.