மந்தகாலமும் வணிகர் கடமையும்

மழைக்காலம் வந்துற்றதும் நம் கருவடிக்குப்பத்துச் சிறுகடைகளில் ஒரு சொல் கேட்கலாகும். "வியாபாரம் மந்தம்" என்பதே அது. அச்சொல்லைச் சொல்லிக் கடைத்திண்ணையில் வீண்கதை பேசுதலும், பின்னர் வட்டிக்குக் கடன்பட்டுப் பண்டிகைச் செலவு செய்தலும் நம்மவர் குடும்பங்கள் பலவற்றை நலிவித்த வழக்கங்களாம். இவ்விடர் புதியதன்று. முன்னிருந்தோர் இதனை எங்ஙனம் எதிர்கொண்டனர் என்பதைப் புதுவைச் சரித்திரத்தினின்றும் சிறிது கூறுவாம்.

18ஆம் நூற்றாண்டில் புதுவைக்குக் காப்பான துறைமுகம் இல்லை. கப்பல்கள் அப்பால் நங்கூரமிட்டு நிற்க, சலங்குகளே அலைகடந்து சரக்கை ஏற்றி இறக்கின. ஐப்பசி பிறந்தால் புயலச்சம் மிகும். 1746 அக்டோபரில் சென்னைத் துறையில் நின்ற லபூர்தொனேயின் கப்பல்கள் புயலிற் சிதைந்தமை யாவரும் அறிந்ததே. ஆதலின் அப்பருவத்தே கப்பல்கள் இக்கரையை விட்டகலுதல் வழக்கம். கப்பலை நம்பிய வணிகர்க்கு அதுவே மந்தகாலம். ஆயினும் அறிவுடையோர் கைகட்டி இருந்திலர். கப்பல் வந்த பின்னர்த் துணி தேடினால் கிட்டுமோ? நெசவாளர்க்கு முன்பணம் கொடுத்து, மாதிரி காட்டி, விலை பேசி முடித்தல் பல திங்கள் முன்னரே நிகழவேண்டும். ஓய்ந்த பருவத்தின் உழைப்பே கப்பல் வந்த பருவத்தின் இலாபமாயிற்று.

இதற்கு ஆனந்தரங்கப் பிள்ளையவர்களே சிறந்த சான்றாவார். 1709இல் பிறந்த அவர், தமது 27ஆம் வயதில், 1736 செப்டம்பர் 6ஆம் நாள் தினக்குறிப்பு எழுதத் தொடங்கினார். பாக்குக் கிடங்கில் அமர்ந்து கப்பல் வரவு, சரக்கு, விலை, வழக்கு, ஊர்ச்செய்தி யாவும் குறித்தனர். 1756இல் பெரிய துபாஷி உத்தியோகத்தை இழந்தார், உடல்நலமும் குன்றியது. எனினும் 1761இல் மறையுங்காறும் அக்குறிப்பு தொடர்ந்தது. அவர் ஈட்டிய பொருள் இன்று எங்கே? அவ்வேடுகளோ 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்து உலகத்தார் கைக்கெட்டின.

நம்மூரிலேயே மற்றொரு சான்றுளது. 1908இல் புதுவைக்கு வந்த பாரதியார் நடத்திய 'இந்தியா' பத்திரிகை 1910இல் நின்றுபோயிற்று. தொழில் ஒழிந்த அந்நாட்களை அவர் வீணே கழித்திலர். 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் வெளிவந்தது. அவர் அடிக்கடி வந்து தங்கிய குயிற்றோப்பு நம் கருவடிக்குப்பத்ததே அன்றோ?

நிற்க. நாம் பெரிய துபாஷிகளல்லோம், கவிகளுமல்லோம். எனினும் மந்தகாலத்தில் நம்மால் இயல்வன சில உள. பேரேட்டைப் புரட்டி நிலுவையைத் தெளிவு செய்க. இருப்பை எண்ணி, விலைபோகாச் சரக்கைக் குறைந்த இலாபத்துக்கேனும் தள்ளுக. தைப் பருவத்துக்கு வேண்டுவதை இன்றே விசாரித்து வைக்க. பிள்ளைகளையும் பெண்மக்களையும் அருகிருத்திக் கணக்குப் பயிற்றுக. கணக்கறிந்த வீட்டில் தலைவன் நோயுற்றாலும் கடை மூடாது. சென்ற மழையில் செய்யாதன இம்மழையிலேனும் செய்வோமாக.