அமைதியான ஓவியத்தில் வெட்டுப்பட்ட மரங்கள்

இன்னைக்கு ஒரு சத்தமில்லாத விஷயத்தைப் பத்திப் பேசலாம்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவுல, அமெரிக்காவோட கிழக்குப் பகுதியில சில ஓவியர்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான இயற்கைக் காட்சிகளை வரைஞ்சாங்க. ஃபிட்ஸ் ஹென்றி லேன், மார்ட்டின் ஜான்சன் ஹீட், ஜான் கென்செட், சான்ஃபோர்ட் கிஃபோர்ட். இவங்க படங்கள்ல தண்ணி அசையாது. பாதிப் படம் வானமாவே இருக்கும். தூரிகை போன தடம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் மட்டும் பரவி நிக்கும்.

இந்த பாணியை இப்போ லூமினிசம்னு சொல்றோம். ஆனா அவங்க யாரும் அந்தப் பேரைக் கேட்டதே இல்ல. ஜான் பௌர் என்ற கலை வரலாற்றாளர் 1950-களில் எழுதின பிறகுதான் அது பரவுச்சு. இதை ஒரு இயக்கம்னு சொல்லலாமான்னு இன்னமும் விவாதம் இருக்கு.

எனக்கு இதுல உறுத்துறது வருஷங்கள்தான். 1861-லிருந்து 1865 வரைக்கும் உள்நாட்டுப் போர். 6 லட்சம் பேருக்கும் மேல செத்துப்போனாங்க. அதே காலத்துல இவ்வளவு அமைதியான படங்களா? இவங்க முகத்தைத் திருப்பிக்கிட்டாங்களா?

கிஃபோர்ட் நிச்சயமா போரை அறியாதவர் இல்ல. அவரே வடக்குப் படையில சேர்ந்து பணியாற்றினவர். அந்த வருஷங்கள்ல ஒரு சகோதரரையும் பறிகொடுத்தவர். போர் முடிஞ்ச அடுத்த வருஷம், 1866-ல, அவர் வரைஞ்ச படம் 'ஹண்டர் மலை, அந்திப்பொழுது'. நியூயார்க் மாநிலத்துல இருக்குற கேட்ஸ்கில் மலைப்பகுதி. ஆரஞ்சு வானம், மெல்லிசா ஒரு பிறை, பக்கத்துல ஒரு நட்சத்திரம். முதல் பார்வைக்கு மனசு அடங்கிடும்.

இப்போ கண்ணைக் கீழே இறக்குங்க. முன்னாடி இருக்குற தரை முழுக்க வெட்டின மரங்களோட அடிக்கட்டைகள்.

அந்த வட்டாரத்துல ஹெம்லாக் மரம் ஏராளம். அதோட பட்டை தோல் பதனிடத் தேவை. அதனால டேனரிகள் மலையடிவாரத்துக்கே வந்துச்சு. மரத்தைச் சாய்ச்சு, பட்டையை உரிச்சு எடுத்துட்டு, பல இடங்கள்ல மரத்தை அப்படியே அழுக விட்டுட்டுப் போனாங்க. சில பத்தாண்டுகள்ல காடு காலி.

கிஃபோர்ட் இதுக்காகக் குரல் கொடுக்கல. அந்த அழகான வெளிச்சத்தைக் கட்டைகள் மேலயும் விழ வெச்சார், அவ்வளவுதான். அவர் முகத்தைத் திருப்பிக்கல என்பதுக்கு எனக்கு இதுவே போதும்.

இந்தப் படத்தை வாங்கினவர் அவரோட நண்பர் ஜேம்ஸ் பின்ஷோ. அவர் குடும்பமும் மரம் வெட்டி வித்துச் சம்பாதிச்சதுதான். 1865-ல பிறந்த தன் மகனுக்கு அவர் ஓவியரோட பேரையே வெச்சிருந்தார்: கிஃபோர்ட் பின்ஷோ. அந்தப் பையன்தான் 1905-ல அமெரிக்க வனத்துறையோட முதல் தலைவர் ஆனார்.

ஒரு படத்தைப் பார்த்துதான் அவர் காட்டைக் காப்பாத்தக் கிளம்பினார்னு நான் கதை கட்ட மாட்டேன். ஆனா அவர் வளர்ந்த குடும்பத்துல அந்தக் கட்டைகளை யாரும் மறைச்சு வைக்கல. அடுத்த முறை இப்படி ஒரு சாந்தமான ஓவியம் கண்ணுல பட்டா, வானத்தை ரசிச்சுட்டு, தரையையும் ஒரு நிமிஷம் பாருங்க.