எஹெலப்பொலவின் குடும்பமும் கண்டி அரசவையும்

கண்டி தலதா மாளிகையைத் தரிசிக்க வருபவர்களில் பெரும்பாலானோர் எதிரேயுள்ள நாத தேவாலயத்தைப் பார்த்தும் பாராமலும் கடந்து விடுகின்றனர். அத்தேவாலயத்துக்கும் மகா விஷ்ணு தேவாலயத்துக்கும் பழைய அரண்மனைக்கும் இடைப்பட்ட திறந்தவெளியில்தான், 1814ஆம் ஆண்டு மே மாதத்தில், எஹெலப்பொல அதிகாரின் பிள்ளைகள் தாயின் கண்முன்னே தலை கொய்யப்பட்டனர். சிங்களப் பாடசாலைப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த கதை இது. மூத்தவன் அஞ்சிப் பின்வாங்க, இளையவன் மத்தும பண்டார முன்வந்து கழுத்தை நீட்டினான் என்பார்கள். தமிழ் வாசகர்களில் பலர் இதனை அறைகுறையாகவே அறிவர். அறிந்தவர்களும் பேச விரும்புவதில்லை. காரணம் எளியது. ஆணை பிறப்பித்த மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ‘நம்மவன்’.

மதுரை நாயக்கர் வழிவந்த கண்ணுசாமி 1798இல் அரியணை ஏறியதே முதல் அதிகார் பிலிமத்தலாவையின் தயவால்தான். இளைஞனை முன்னிறுத்தித் தானே ஆளலாம் என்பது அதிகாரின் கணக்கு. கணக்குப் பிழைத்தது. சதி செய்த குற்றத்துக்காகப் பிலிமத்தலாவை கொல்லப்பட்டான். அவனது இடத்துக்கு எஹெலப்பொல வந்தான். 1814இல் சப்ரகமுவையில் கிளர்ச்சி செய்து, தோற்று, கொழும்பிலிருந்த ஆங்கிலேயரிடம் தஞ்சம் புகுந்தான். மனைவியும் மக்களும் கண்டியில் மன்னனின் பிடியில் இருந்தனர்.

இது தற்செயலன்று. திசாவைகள் தமது மாகாணங்களை ஆளச் செல்லும்போது குடும்பத்தினரைத் தலைநகரில் விட்டுச் செல்லவேண்டும் என்பது கண்டி இராச்சியத்தின் வழமை. பெயருக்கு அது வாசஸ்தலம், உண்மையில் பணயம். மேலும், நிலத்தை அனுபவிப்பவன் அதற்கு ஈடாக அரசனுக்கு ஊழியம் செய்யவேண்டும் என்ற இராஜகாரிய முறையில், கீழ்ப்படிதல் என்பது சோற்றோடு பிணைந்த ஒன்று. இன்று நாம் வியந்து நோக்கும் கண்டி வாவியும் அவ்வாறான ஊழியத்தால் வெட்டப்பட்டதே.

அன்று நடந்ததை விரிவாக எழுதியவர் ஜோன் டேவி என்ற இராணுவ வைத்தியர். அவர் இலங்கைக்கு வந்தது 1816இல். நூல் வெளிவந்தது 1821இல். எனவே அவர் கண்டு எழுதவில்லை, கேட்டு எழுதினார். ஆளுநர் பிரவுன்றிக்கின் வைத்தியராகவும் இருந்தவர். பிள்ளைகளின் தலைகளை உரலில் இட்டுத் தாயைக் கொண்டே இடிக்க வைத்தனர் என்ற பகுதியை ஐயத்துடன் வாசிப்பதில் தவறில்லை. ஆனால் பிள்ளைகள் கொல்லப்பட்டதும், தாய் போகம்பறைக் குளத்தில் மூழ்கடிக்கப்பட்டதும் உரலோடு சேர்த்துத் தள்ளிவிடக் கூடியவை அல்ல.

டேவியின் பக்கங்களில் என்னை நிறுத்தியது உரல் அன்று, கூட்டம். கூடியிருந்தோர் வாய்விட்டு அழுதனர் என்கிறார். இரண்டு நாட்கள் நகரில் அடுப்பு எரியவில்லையாம். பலிஹபான திசாவை என்ற பிரதானி தாங்கமாட்டாது மயங்கி வீழ்ந்தான். இரக்கம் காட்டிய குற்றத்துக்காகப் பதவியை இழந்தான். அதாவது, அந்த வெளியில் நின்ற எவருக்கும் நடப்பது அநீதி என்பதில் ஐயம் இருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கீழ்ப்படிவதைக் ‘குருட்டு விசுவாசம்’ என்கிறோம். கண்டியில் கண்கள் திறந்திருந்தன, நீரும் வழிந்தது. பிறகும் வாள் ஓங்கப்பட்டது.

1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிறம் நடத்திய சோதனை பிரசித்தமானது. அடுத்த அறையிலிருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பிய 40 பேரில் 26 பேர், ‘தொடருங்கள்’ என்று ஒருவர் சொன்ன ஒரே காரணத்துக்காக இறுதி அளவுவரை சென்றனர். அவர்கள் மறுத்திருந்தால் இழப்பதற்கு ஏதுமில்லை. கண்டிப் பிரதானிகளுக்கோ, அடுத்ததாக அந்த வெளிக்கு இழுத்து வரப்படக்கூடிய பிள்ளைகள் வீட்டில் இருந்தனர். ஆகவே அவர்களை இலகுவாகக் கோழைகள் என்று எழுதிவிட நான் தயாரில்லை. ஆனால் எஹெலப்பொலவுக்கு எதிராகப் படை நடத்தி, அவனுடைய பதவியையே பரிசாகப் பெற்ற மொல்லிகொட இருக்கிறானே, அவனிடம் அச்சத்துடன் ஆசையும் இருந்தது.

எனது பத்திரிகைத் தொழிற்காலத்தில் இக்கதையை இரு வடிவங்களில் கேட்டு வந்திருக்கிறேன். சிங்கள நண்பர்கள் சொல்லும்போது அது ஒரு தமிழ்க் கொடுங்கோலனின் கதை. குடும்பம் பணயத்தில் இருப்பதை நன்கு அறிந்துகொண்டே எஹெலப்பொல கிளர்ந்தெழுந்தான் என்பது அதில் விடுபட்டுப் போகும். தமிழர் சொல்லும்போது அது ஆங்கிலேயன் புனைந்த அவதூறு. ஒன்பது வயதுச் சிறுவன் விடுபட்டுப் போவான். இரு தரப்பாரும் பொய் சொல்வதில்லை. தத்தம் கூட்டத்துக்கு உறுத்தும் வரியை மட்டும் தாண்டிச் செல்கின்றனர்.

ஆங்கிலேயர் அந்த வெளியின் இரத்தத்தை வீணாக்கவில்லை. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது மன்னனின் கொடுமைகள் முதல் வாசகத்திலேயே இடம்பெற்றன. மூன்றாம் வாசகம் இன்னும் ஒரு படி சென்றது. மன்னனின் ஆண் உறவினர் அனைவரும் அரசின் பகைவர்கள். வெளியேற்றப்பட்ட ‘மலபார்’ ஆண்கள் அனுமதியின்றித் திரும்பி வரலாகாது. ஒருவனுடைய ஆணைக்கு அவனது இனத்தார் பொறுப்பாளிகள் என்று சட்டமாகவே எழுதப்பட்டது. அந்த ஆணையை நிறைவேற்றிய சபையின் பிரதானிகளோ கையொப்பக்காரர்களாகினர். பழியை ஓரினத்தின் மீது ஏற்றிவிட்டால் மற்றோர் கை கழுவிக்கொள்வது எவ்வளவு சுலபம்!

கையொப்பமிட்டோரில் ஊவா திசாவையான மொனறவில கெப்பெட்டிபொலவும் ஒருவர். மூழ்கடிக்கப்பட்ட குமாரிஹாமியின் உடன்பிறந்தவர். நாயக்கரை வெறுப்பதற்கு இவரைவிட நியாயம் பெற்றவர் இருக்க முடியாது. ஊவாவில் கிளர்ச்சி மூண்டபோது அதனை அடக்குமாறு ஆங்கில அரசு இவரையே அனுப்பியது. சென்றவர் மறுபக்கம் சேர்ந்தார். சேரும்போது, அரசு தந்த ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். கிளர்ச்சியாளர் அரசனாக ஏற்றிருந்த வில்பாவையோ, தன்னை நாயக்க மன்னனின் உறவினனான துரைசாமி என்று சொல்லிக்கொண்டவன். தங்கையைக் கொன்றவனின் குலப்பெயர் தாங்கியவனுக்காகக் கெப்பெட்டிபொல போர் புரிந்தார்.

எஹெலப்பொலவை ஆங்கிலேயர் சந்தேகத்தின் பேரில் 1818இல் கைது செய்தனர். பின்னர் மொரீசியசுக்கு நாடுகடத்தப்பட்ட அவன் 1829இல் அங்கேயே இறந்தான். மொல்லிகொட கடைசிவரை புதிய எசமானர்களின் பக்கமே நின்றான். ஆயினும் 1818 நவம்பர் 21ஆம் திகதிப் பிரகடனத்தின் மூலம் பிரவுன்றிக் பிரதானிகளின் அதிகாரங்களை வெகுவாகக் குறைத்துவிட்டார். ஐந்து நாட்களின் பின், நவம்பர் 26ஆம் திகதி, போகம்பறையில் கெப்பெட்டிபொல தலை வெட்டப்பட்டார்.