சீட்டு காட்டிய கிளை

காய்த்து நிற்கும் ஆரஞ்சு மரத்தடியில் நின்று அண்ணாந்து எண்ணினால் வெளிச்சுற்றுக் காய்கள் மட்டுமே கண்ணில் படும். உள்ளே இலைமறைவில் இருப்பவை கணக்கில் வராது. அறுவடைக்குச் சில மாதம் இருக்கும்போது காயும் இலையும் ஒரே பச்சை. மரத்தை இன்னொரு சுற்று வந்து எண்ணினால் வேறொரு எண் கிடைக்கும். ஒரு மரத்துக்கே இந்தப் பாடு என்றால், ஒரு மாநிலத்தின் மொத்த விளைச்சலை முன்கூட்டியே எப்படிச் சொல்வது?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இந்தக் கேள்வி 1940-களின் பிற்பகுதியில் பணக் கேள்வியாக மாறியது. ஆரஞ்சுச் சாற்றைச் சுண்டவைத்து உறைய வைக்கும் முறை அப்போதுதான் கைவந்திருந்தது. அதன் பின் தோட்டங்கள் பெருகின, சாறு ஆலைகள் பெருகின. எத்தனை பெட்டிப் பழம் வரும் என்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் ஆலைக்கு ஆள் சேர்க்கலாம், விலை பேசலாம். பெரிய கொள்முதல்காரரால் ஊர் ஊராக ஆள் அனுப்பித் தோட்டங்களைப் பார்த்துவர முடியும். சிறு விவசாயிக்குத் தெரிந்தது தன் மரம் மட்டும்தான். எண்ணிக்கை தெரியாதவர் பேரத்தில் எப்போதும் ஒரு படி கீழேதான் நிற்கிறார்.

அனுபவசாலிகளைக் கேட்டு மதிப்புப் போடுவது பழைய வழக்கம். அதில் ஒரு சிக்கல் உண்டு. போன வருடம் பனியில் காயை இழந்தவர் குறைத்துச் சொல்வார். பாதையோர மரங்களை மட்டும் பார்த்தவர் கூட்டிச் சொல்வார். ‘மாதிரிக்கு ஒரு கிளையை எண்ணிப் பெருக்கலாமே’ என்றாலும் தீராது. கை நீளும் கிளை பெரும்பாலும் காய் நிறைந்த கிளைதான்.

இதற்கு ஒரு விடையை 1955-இல் ‘பயோமெட்ரிக்ஸ்’ ஆய்விதழில் ரேமண்ட் ஜெஸ்ஸன் எழுதினார். அயோவா மாநிலக் கல்லூரியின் புள்ளியியல் கூடத்தில் பண்ணைக் கணக்கெடுப்புகளுக்கான மாதிரி முறைகளை வகுத்துப் பழகியவர் அவர். எண்ண வேண்டிய கிளையை மனிதன் தேர்ந்தெடுக்கக் கூடாது, சீட்டுதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே அவருடைய யோசனையின் உயிர்நாடி.

செய்முறை இப்படி. அடிமரம் மூன்றாகப் பிரிகிறது என்று கொள்வோம். நாடாவால் சுற்றளவு எடுத்துக் குறுக்குவெட்டுப் பரப்பைக் கணக்கிட்டால் மூன்றும் 50, 30, 20 சதுர சென்டிமீட்டர். 1 முதல் 100 வரை எழுதிய சீட்டுகளில் ஒன்றை எடுக்கிறோம். 50 வரை வந்தால் முதல் கிளை, 51 முதல் 80 வரை இரண்டாவது, அதற்கு மேல் மூன்றாவது. 64 வருகிறது. ஆகவே இரண்டாவது கிளை. அது தேர்வாகும் வாய்ப்பு 0.3. அந்தக் கிளை மேலே 18, 12 என்று இரண்டாகப் பிரிகிறது. மறுபடி சீட்டு, இம்முறை 12 தேர்வாகிறது, வாய்ப்பு 0.4. இரண்டையும் பெருக்கினால் 0.12. அங்கே நின்று, அந்தச் சிறு கிளையில் இருக்கும் காய்களை ஒன்று விடாமல் கையால் தொட்டு எண்ணுகிறோம். 96. அதை 0.12-ஆல் வகுத்தால் 800. மரத்தின் மொத்தக் காய்களுக்கு அதுதான் மதிப்பீடு.

தடித்த கிளைக்கு அதிக வாய்ப்பு கொடுத்ததே இதன் நுட்பம். தடித்த கிளையில் பொதுவாகக் காய் அதிகம். ஆனால் அதைப் பெரிய எண்ணால் வகுக்கிறோம். மெல்லிய கிளையில் காய் குறைவு. அதைச் சிறிய எண்ணால் வகுக்கிறோம். எந்தக் கிளைக்கு வந்து சேர்ந்தாலும் விடை ஏறக்குறைய ஒரே இடத்தைச் சுற்றி நிற்கும். ஒரு மரத்தில் தடிமனுக்கும் காய்ப்புக்கும் பொருத்தம் இல்லாமல் போனால்கூட, பலமுறை செய்து எடுக்கும் சராசரி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாது. விடைகள் சற்றுச் சிதறும், அவ்வளவுதான். கண் மதிப்பில் கிடைக்காத நேர்மை இது.

ஃபுளோரிடாவின் அரசு முன்கணிப்பில் இந்தக் கிளை எண்ணிக்கை வேரூன்றியது. காய்க்கும் மரங்கள் எத்தனை, மரத்துக்குக் காய் எத்தனை, அறுவடைக்குள் எவ்வளவு உதிரும், எத்தனை பழம் சேர்ந்தால் ஒரு பெட்டி நிரம்பும் என்ற நான்கும் தெரிந்தால் விளைச்சல் தெரிந்துவிடும். மழை, வெயில், பனி, நோய் எல்லாம் இந்த நான்கில் ஏதாவது ஒன்றின் வழியாகத்தான் விளைச்சலைத் தொடுகின்றன. பூத்த ஆரஞ்சுப் பூக்கள் நூற்றில் ஒன்றிரண்டுதான் பழமாகின்றன. வறட்சி காயைச் சிறுக்க வைக்கிறது. கடும் பனி மரத்தையே கொன்றுவிடுகிறது. ‘வேலன்சியா’ ரகத்தில் இந்த வருடப் பழம் மரத்தில் தொங்கும்போதே அடுத்த பூ வந்துவிடும். அறுவடையைத் தள்ளிப்போட்டால் மறுவருடக் காய்ப்பு அடிவாங்கும்.

முறை சரியாக இருந்தும் கணிப்பு சறுக்கியதுண்டு. 2005-இல் ஃபுளோரிடாவில் கண்டறியப்பட்ட ‘சிட்ரஸ் கிரீனிங்’ நோய் மரத்தை உள்ளிருந்தே நலியச் செய்தது. 2012 அக்டோபரில் 15 கோடியே 40 லட்சம் பெட்டி ஆரஞ்சு வரும் என்று அறிவித்தார்கள். வந்தது சுமார் 13 கோடியே 30 லட்சம். காய்கள் வழக்கத்தை மீறி உதிர்ந்துகொண்டே இருந்தன. இன்று இருப்பதைக் கிளை சொல்லும். நாளை உதிரப்போவதைப் பழைய வருடங்களின் அனுபவத்திலிருந்துதான் கணிக்க வேண்டும். அந்த அனுபவத்துக்குள் அடங்காத நோய் வரும்போது கணிப்பும் தடுமாறுகிறது. அதனால்தான் ஒருமுறை எண்ணியதோடு விடாமல், மாதந்தோறும் காயின் பருமனையும் உதிர்வையும் அளந்து கணிப்பைத் திருத்துகிறார்கள்.

இப்போது கேமராவும் ட்ரோனும் காய் எண்ணுகின்றன. அவற்றுக்கும் இலைமறைவு தெரியாது. படத்தில் தெரிந்தது மொத்தத்தில் எத்தனை பங்கு என்று சொல்ல, யாராவது சில மரங்களில் கையால் எண்ணித்தான் ஆக வேண்டும்.

நம் மாந்தோப்புகளில் பூவிலேயே குத்தகை பேசி முன்பணம் வாங்கும் பழக்கம் இன்றும் உண்டு. வியாபாரிக்குப் பல தோப்புகளின் காய்ப்பு தெரியும். தோப்புக்காரரிடம் இருப்பது பெரும்பாலும் கண் மதிப்பு. கிளை பிரியும் எந்தப் பழமரத்திலும் ஜெஸ்ஸனின் வழி செல்லும். பூவிலேயே விலையை முடித்துவிடாமல், பிஞ்சு கோலிக்குண்டு அளவுக்கு வந்து பெரும் உதிர்வு அடங்கும்வரை பொறுங்கள். வரப்போர மரமா நடுத்தோப்பு மரமா என்பதையும் சீட்டுக்கே விட்டுவிட்டு, பல மரங்களில் இப்படி எண்ணிச் சராசரி எடுங்கள். தேவைப்படுவது ஒரு நாடா, சில சீட்டுகள், ஒரு நோட்டு. அந்த நோட்டோடு போய் விலை பேசுங்கள். வருடந்தோறும் அதைத் தொடருங்கள். உங்கள் தோப்பைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்தவர் பேரத்தில் எதிரே உட்காரக் கூடாது.