பெண் பேராசிரியர்கள்: ஜெர்மனி முந்தியதா, துருக்கி முந்தியதா?

வளர்ந்த நாடுகளில்தான் பெண்கள் பல்கலைக்கழகங்களில் அதிகம் பாடம் நடத்துவார்கள், மற்ற நாடுகள் மெல்லப் பின்னால் வரும் என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஜெர்மனியில் 2022-இல் பேராசிரியர்களில் பெண்கள் 28 சதவீதம். துருக்கியில் அதே பதவியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ருமேனியாவில் உயர்நிலைப் பேராசிரியர்களில் கிட்டத்தட்ட பாதி. செல்வம் மிகுந்த ஜப்பானிலோ, எல்லாப் படிநிலைகளையும் சேர்த்து எண்ணினாலும் பல்கலைக்கழக ஆசிரியர்களில் பெண்கள் 30 சதவீதத்தை எட்டவில்லை. இந்த எண்ணிக்கையைத் தீர்மானிப்பது நாட்டின் வளமோ கல்வியின் பழமையோ அல்ல. வேலைக்கு ஆள் எடுத்த முறையும், அந்த வேலைகள் உருவான காலமும்தான்.

ஜெர்மனியையே பார்ப்போம். அதன் அன்றைய மாநிலமான பிரஷ்யா 1908-இல்தான் பெண்களை முறைப்படி பல்கலைக்கழகங்களில் சேர்த்துக்கொண்டது. அன்று படித்து முடித்தால் மட்டும் போதாது. முனைவர் பட்டத்துக்குப் பிறகு இன்னோர் ஆய்வேட்டை ஆசிரியர் குழு ஏற்றால்தான் பாடம் நடத்தும் உரிமை. அதன் பிறகும் நிலையான சம்பளத்துக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வீட்டில் வசதியும் குழுவுக்குள் ஆதரவும் இல்லாதவர் அந்தப் படியில் கால் வைக்கவே முடியாது. கணிதவியலாளர் எம்மி நோதர் 1915-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, கணித மேதை ஹில்பர்ட்டே பரிந்து பேசியும் அந்த உரிமை கிடைக்கவில்லை. வகுப்புகள் ஹில்பர்ட் பெயரில் அறிவிக்கப்பட்டன. பாடம் நடத்தியவர் நோதர். உரிமை கிடைத்தது 1919-இல். 1933-இல் நாஜி அரசு அவரை யூதர் என்று வெளியேற்றியது.

அதே 1933-இல் துருக்கி தன் பழைய உயர்கல்வி நிலையத்தைக் கலைத்துவிட்டு இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தை நிறுவியது. துறைகள் புதியவை, நடத்த ஆள் இல்லை. பெர்லினில் வேலை இழந்த கணிதவியலாளர் ஹில்டா கைரிங்கர் 1934-இல் அங்கே போய்ப் பேராசிரியர் ஆனார். துருக்கிய மொழி கற்று அதிலேயே பாடம் நடத்தினார். 1939-இல் அமெரிக்கா சென்றபோதோ, பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் எதிலும் அவருக்கு நிரந்தர இடம் கிடைக்கவில்லை. மூன்று நாடுகளிலும் திறமை ஒன்றுதான். மாறியது அவரை எடுத்துக்கொண்ட அமைப்பு. துருக்கியின் புதிய குடியரசு தன் நாட்டுப் பெண்களையும் இதே தேவையால்தான் வகுப்பறைக்கு அழைத்தது. வாசலில் காவல் காக்கும் பழைய ஆசிரியர் குழு இல்லாத இடத்தில் பெண்கள் உள்ளே நுழைவது எளிதாயிற்று.

இதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. சம்பளம் குறைந்த வேலை என்பதால் ஆண்கள் விலகினார்கள், அந்த இடத்தில் பெண்கள் வந்தார்கள் என்பது ஒன்று. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஆண்கள் விலகிய இடமெல்லாம் பெண்களுக்குக் கிடைத்துவிடுவதில்லை, சட்டமும் நியமன முறையும் இடம் கொடுக்க வேண்டும். இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. துருக்கியச் சமூகவியலாளர் அய்ஷே ஒன்ஜூ 1981-இல் சுட்டியபடி, விரைவாக ஆள் தேவைப்பட்டபோது மேல்தட்டுக் குடும்பங்கள் கீழ்த்தட்டு ஆண்களைவிடத் தங்கள் வீட்டுப் பெண்களையே முன்னிறுத்தின. அப்படியானால் துருக்கியின் எண்ணிக்கை சமத்துவத்தின் சான்று அல்ல என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அது என் வாதத்தைத் தகர்க்கவில்லை. ஆள் எடுக்கும் முறைதான் யார் உள்ளே வருவார் என்பதை முடிவு செய்கிறது என்பதையே அதுவும் காட்டுகிறது.

இந்தியாவுக்கும் இது பொருந்தும். 1914-இல் இஸ்தான்புல்லில் பெண்களுக்கென்று தனி உயர்கல்வி நிலையம் திறந்தது; அதே ஆண்டு சென்னையில் ராணி மேரி கல்லூரி பிறந்தது. பெண்கள் கல்லூரி என்றாலே பெண் ஆசிரியர் வேண்டும். தனித்து ஒதுக்கியதே வேலைவாய்ப்பும் ஆயிற்று. 2021-22 அரசுக் கணக்கெடுப்பில் நாட்டின் ஏறத்தாழ 16 லட்சம் உயர்கல்வி ஆசிரியர்களில் பெண்கள் 43 சதவீதம். இதை ஜெர்மனியின் 28-க்கு நேரே வைத்துப் பெருமைப்படுவது தவறு. அது பேராசிரியர்கள் மட்டும். இது கீழ்ப்படியில் உள்ளவர்களையும் சேர்த்த கணக்கு. நம்மிடமும் படி ஏற ஏறப் பெண்கள் குறைகிறார்கள். எனவே யாராவது மொத்த சதவீதத்தைக் காட்டினால் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: பேராசிரியர் பதவியில் எத்தனை பெண்கள்? அவர்கள் எந்தெந்தச் சமூகங்களிலிருந்து வந்தவர்கள்?