நீதிமன்ற மொழியும் தமிழும்

வாக்குமூலம், ஒப்பந்தம், சட்டப்பிரிவு, தீர்ப்பு ஆகியவற்றின் மொழியை ஆராயும் துறை சட்ட மொழியியல் எனப்படும். இத்துறையினர் 1993இல் பன்னாட்டுத் தடய மொழியியலாளர் சங்கத்தை நிறுவினர். அதன் முதல் தலைவர் பிரித்தானிய மொழியியலாளர் மால்கம் கூல்த்தார்ட்.

அவர் ஆராய்ந்தவற்றுள் டெரெக் பென்ட்லி வழக்கு பெயர்பெற்றது. காவலர் ஒருவர் கொலையுண்ட வழக்கில் 1953இல் தூக்கிலிடப்பட்ட 19 வயது இளைஞர் பென்ட்லி. அவர் தம் வாயால் சொன்னதாகக் காட்டப்பட்ட ஆங்கில வாக்குமூலத்தில், 'பிறகு நான்' என்று பொதுமக்கள் சொல்லும் இடங்களில் 'நான் பிறகு' என்ற வரிசை திரும்பத் திரும்ப வந்தது. அது காவலர்களின் எழுத்து நடை என்று கூல்த்தார்ட் எடுத்துக்காட்டினார். 1998இல் குற்றத்தீர்ப்பு ரத்தானது. எனினும் அதற்கு முக்கியக் காரணம், விசாரணை நீதிபதி ஜூரிகளுக்குக் கூறிய வழிகாட்டுதலில் இருந்த குறைகளே.

தமிழ்நாட்டில் நீதிமன்ற மொழி பற்றிய அக்கறை 19ஆம் நூற்றாண்டிலேயே எழுந்தது. குளத்தூரில் 1826இல் பிறந்த வேதநாயகம் பிள்ளை, திருச்சி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். ஆங்கிலம் அறியாதவருக்குத் தீர்ப்புகள் எட்டவேண்டும் என்று, 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தந்து, 1862இல் 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டார். சென்னை உயர் நீதிமன்றம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். 1879இல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' நாவலிலும், தமிழர் வழக்கை ஆங்கிலத்தில் வாதிடும் வக்கீல்களை அவர் சாடுகிறார். தமிழின் முதல் நாவலாசிரியர் என்று ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடை சொல்லிவிட்டு, இந்த மொழிபெயர்ப்புப் பணியை நாம் விட்டுவிடுகிறோம்.

மக்கள் வாயில் புழங்கிய கோர்ட்டுச் சொற்களோ பாரசீகமும் அரபியும் தந்தவை: வக்கீல், வாய்தா, ஜாமீன், ஜப்தி, ஆஜர். 'பிணை', 'வழக்கறிஞர்' போன்றவை பின்னர் அரசுத் தாள்களில் நிலைபெற்றன. கிராமத்தில் இன்றும் ஜாமீன்தான்.

1956இல் தமிழ்நாட்டு ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. 1976இன் திருத்தம் கீழமை நீதிமன்றங்களிலும் தமிழுக்கு இடம் தந்தது. உயர் நீதிமன்றத்தின் நிலை வேறு. அரசியலமைப்பின் 348ஆம் பிரிவுப்படி அங்கு ஆங்கிலமே மொழி. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றால் மாநில மொழியையும் பயன்படுத்தலாம். ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகியவற்றில் இந்திக்கு அந்த ஒப்புதல் உண்டு. தமிழுக்காகச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றியது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

தமிழில் எழுதினாலே எல்லாம் தீர்ந்துவிடும் என்பதும் இல்லை. கண்டாச்சிபுரம் பக்கத்தில் 'கொல்லை' என்றால் மானாவாரிப் புஞ்சை நிலம். நெல் விளைவது கழனி. தஞ்சைப் பக்கம் 'கொல்லை' என்பது வீட்டின் பின்புறம். 'கொல்லையில் பார்த்தேன்' என்று இப்பகுதிச் சாட்சி சொல்வதைத் தஞ்சைப் பழக்கமுள்ள ஒருவர் ஆங்கிலத்தில் எழுதினால், வயலில் நடந்த சம்பவம் வீட்டுக்குப் பின்னால் நடந்ததாகிவிடும். குற்ற விசாரணையில் சாட்சியத்தை எழுதி முடித்ததும் சாட்சிக்குப் படித்துக் காட்டவேண்டும். அது அவருக்குப் புரியாத மொழியில் இருந்தால் அவர் மொழியில் விளக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சாட்சி திருத்தம் சொன்னால், நீதிபதி அதைத் திருத்தலாம். அல்லது அந்த மறுப்பைக் குறித்துவைக்கலாம். 1973இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் தொடர்கிறது.